டெல்டா வீட்டில் விஷப்பொருட்களைக் குழந்தை கைக்கு எட்டாமல் வைப்பது: முழுமையான வழிகாட்டி

பிள்ளை தவழ ஆரம்பித்ததும் பல வீடுகளில் முதலில் வாங்குவது ஒரு பூட்டு. அலமாரியைப் பூட்டியாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடுகிறார்கள். ஆனால் கிணற்றடியில் தண்ணீர் பாட்டிலில் ஆசிட் நின்றுகொண்டிருக்கும். கொல்லைத் தாழ்வாரத்து ஓலையில் செருகிய பையில் பாதி தீர்ந்த குருணைப் பூச்சிமருந்து இருக்கும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் பூட்டு ஆறாவதாக வருகிறது. அதற்கு முந்தைய ஐந்து வேலையும் முடியாமல் பூட்டு வாங்கினால் செலவுதான் மிச்சம்.

ஒன்றிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளை நினைத்து இதை எழுதுகிறேன். நம் பக்கத்து வீடுகளில் வயலும் வீடும் ஒரே கொல்லையைப் பகிர்ந்துகொள்கின்றன. கழிப்பறை ஆசிட்டும் நெல்லுக்கு அடிக்கும் மருந்தும் ஒரே மாடத்தில் இருக்கும். நகரத்துக் குடியிருப்புக்கு எழுதிய அறிவுரை இங்கே பாதிக்கு மேல் பொருந்தாது.

## தொடங்கும் முன் என்னென்ன வேண்டும்

முதலில் வேண்டியது பிள்ளைகள் வீட்டில் இல்லாத அரை நாள். அங்கன்வாடிக்கு அனுப்பியிருக்கும் நேரமோ, சித்தி வீட்டில் விட்டுவரும் நாளோ எதுவானாலும் சரி. எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்பியிருக்கும்போது பிள்ளை வந்துவிட்டால், அதுவரை மூலையில் ஒளிந்திருந்த விஷமெல்லாம் அதன் கைக்கு நேரே இருக்கும். பாதியில் நிறுத்தவேண்டி வரும் என்று தோன்றினால் அன்றைக்குத் தொடங்காதீர்கள்.

ரப்பர் கையுறை, மூடியுள்ள அகலமான பிளாஸ்டிக் டப்கள் சில, அழியாத மார்க்கர் பேனா, வெள்ளை டேப், அகலமான ஒளிபுகும் டேப், பழைய துணி, ஒரு டார்ச். பட்டியல் போட ஒரு தாள். இவ்வளவு போதும். கையுறை கட்டாயம். பழைய மருந்து பாட்டில்களின் வெளிப்பக்கமே பிசுபிசுவென்று இருக்கும். பூச்சிமருந்துகளில் பல தோல் வழியாகவே உடம்புக்குள் போகக்கூடியவை.

## 1. தரையில் உட்கார்ந்து வீட்டைப் பாருங்கள்

நின்றுகொண்டு தேடினால் பெரியவர் கண்ணுக்குப் படுவது மட்டும்தான் கிடைக்கும். ஒவ்வொரு அறையிலும் ஒருமுறை தரையில் உட்காருங்கள். கட்டிலடி, பத்தாயத்தின் பின்புறம், தையல் மெஷின் இழுப்பறை, துணி துவைக்கும் கல்லின் பக்கம், குளியலறை ஜன்னல் விளிம்பு எல்லாம் அப்போதுதான் தெரியும்.

உள்ளே முடித்துவிட்டு மாட்டுக்கொட்டகை, வைக்கோல் போர் ஓரம், மோட்டார் கொட்டகை என்று வெளியே போங்கள். மோட்டார் கொட்டகையை அனேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், வீட்டிலிருந்து தள்ளி இருக்கிறதே என்று. கோடையில் பிள்ளைகள் குளிக்கப் போவது அங்கேதான். ஒரு பக்கம் குழாயில் தண்ணீர் கொட்டும், மறுபக்கம் சுவரோரம் களைக்கொல்லி நிற்கும்.

அப்புறம், பிள்ளை அடிக்கடி போகும் மற்ற வீடுகள். மே மாதம் முழுக்க அம்மாயி வீட்டில் கழிக்கும் பிள்ளைக்கு அந்த வீடும் கணக்கில் வரும். அங்கே சின்னப்பிள்ளை இருந்து பல வருஷம் ஆகியிருக்கும். எதையும் எடுத்து வைக்கும் பழக்கமே போயிருக்கும். போய்ச் சேர்ந்த முதல் மணி நேரத்தில், பையைப் பிரிப்பதற்கு முன்பே, இந்தச் சுற்று ஒன்று போய்வாருங்கள். "என் வீட்டையே சோதனை போடுறியா?" என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்ளலாம். அவர்களையும் கூட்டிக்கொண்டு நடந்தால் கோபம் பாதியாகும்.

## 2. கிடைத்ததையெல்லாம் பிரியுங்கள்

கிடைத்ததையெல்லாம் காற்றோட்டமான திண்ணையிலோ வாசலிலோ வைத்து நான்கு கூறாகப் பிரியுங்கள்: பயிர் மருந்தும் எலி மருந்தும், அரிக்கும் பொருட்கள் (ஆசிட், பிளீச்சிங் பவுடர், காஸ்டிக் சோடா), எண்ணெய் வகை (மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், டர்பன்டைன்), என்னவென்றே தெரியாதவை.

பயிர் மருந்து லேபிளில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள்படி அது கட்டாயம். அதன் கீழ்ப்பாதி நிறம் விஷத்தின் கடுமையைச் சொல்கிறது. சோதனை விலங்குகளில் வாய்வழி உயிர்கொல்லும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை என்றால் சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. சிவப்பில் மண்டையோடும் இருக்கும்.

இங்கே ஒரு தவறு நடக்கிறது. பச்சை என்றால் பயமில்லை என்று அதை வெளியே விட்டுவிடுகிறார்கள். நிறம் சொல்வது மருந்துக்கு மருந்து உள்ள வித்தியாசத்தை மட்டுமே. திரவ மருந்தில் கரைப்பானாகச் சேர்க்கும் பெட்ரோலிய எண்ணெயே பிள்ளையின் நுரையீரலைக் கெடுக்கப் போதும். எந்த நிறமானாலும் உள்ளேதான் போகவேண்டும்.

பழைய சரக்கில் இன்று விற்பனையில் இல்லாததும் அகப்படலாம். 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்த எண்டோசல்பான் ஓர் உதாரணம். தமிழ்நாட்டில் விற்கத் தடையுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்ட் இன்னொன்று. இவற்றை 'தீர்த்துவிடலாம்' என்று பயன்படுத்தவும் வேண்டாம், வாய்க்காலில் கொட்டவும் வேண்டாம். மூடியைச் சரிபார்த்து, தனி டப்பில் வைத்து, வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

## 3. தாய்ப் பாட்டிலை விட்டு எதையும் மாற்றாதீர்கள்

மொத்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிதான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

விஷம் தாய்ப் பாட்டிலை, அதாவது கடையில் வாங்கியபோது இருந்த பாட்டிலை விட்டுக் குடிபாட்டிலுக்கு மாறும்போது மூன்று பாதுகாப்பு ஒரேயடியாகப் போகிறது. லேபிள் போகிறது, என்ன விஷம் என்று மருத்துவருக்குச் சொல்ல ஆளிருக்காது. மூடி போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை பாட்டிலின் வடிவத்தைப் பார்த்துத்தான் உள்ளே இருப்பதைத் தீர்மானிக்கிறது. எழுத்துத் தெரியாத வயதில் பிளாஸ்டிக் பாட்டில் என்றால் தண்ணீர், இல்லையென்றால் கலர் சோடா. வெள்ளை பினாயில் தண்ணீர் பட்டதும் பால் நிறமாகிறது. கலர் சேர்த்த பினாயில் ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கிறது. ரேஷன் மண்ணெண்ணெயின் நீலம் பிள்ளையைக் கூப்பிடவே செய்யும். நாற்றம் தடுக்கும் என்று நம்பாதீர்கள். பெரியவர் ஒரு மடக்கில் துப்பிவிடுவார்; இரண்டு வயதுப் பிள்ளை முதல் மடக்கை விழுங்கிய பிறகுதான் அழும்.

ஏன் மாற்றுகிறோம் என்று பார்த்தால்தான் இதை நிறுத்த முடியும். நான் பார்த்தவரை காரணங்கள் சிலதான்.

பக்கத்து வயல்காரர், "அண்ணே, ஒரு டேங்குக்கு மட்டும் மருந்து குடுங்க" என்று குவார்ட்டர் பாட்டிலோடு வந்து நிற்பார். மறுக்கவும் முடியாது. அப்போது பாட்டிலைக் கையில் கொடுக்காமல் அவர் தெளிப்பான் டேங்கை இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது நீங்கள் தாய்ப் பாட்டிலோடு வயலுக்குப் போய் அளந்து ஊற்றிவிட்டு வாருங்கள். நடக்கச் சோம்பினால் அந்தக் குவார்ட்டர் பாட்டில் மீதி மருந்தோடு அவர் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்துவிடும்.

ஒரு லிட்டர் மலிவு என்று வாங்கிப் பிரித்துக்கொள்வது அடுத்த காரணம். 100 மில்லி, 250 மில்லி பாட்டில்களாகவே வாங்குங்கள். கொஞ்சம் காசு கூடத்தான். ஆனால் மிச்சம் வராது. மிச்சம் வராவிட்டால் ஒளித்து வைக்க வேண்டியதும் இல்லை.

தெருவில் வண்டியில் வரும் பினாயில், ஆசிட். பழைய தண்ணீர் பாட்டிலிலேயே நிரப்பித் தருவார்கள், லேபிள் இருக்காது. இதில் சமரசமே வேண்டாம், வாங்காதீர்கள். கடையில் லேபிளோடு வருவதை வாங்குங்கள்.

தாய்ப் பாட்டில் ஒழுகுகிறது என்றால்? அப்போதும் வேறு பாட்டிலில் ஊற்றவேண்டாம். ஒழுகும் பாட்டிலை அப்படியே அகலமான டப்பினுள் நிறுத்தி, டப்பை மூடி, வெளியே பெயர் எழுதுங்கள்.

லேபிளையும் காப்பாற்றவேண்டும். நம் ஊர் ஈரத்தில் காகித லேபிள் ஒரு மழைக்காலம் தாங்குவதே பெரிய விஷயம். வாங்கிய அன்றே லேபிளைச் சுற்றி ஒளிபுகும் டேப் ஒட்டுங்கள். ஊற்றும்போது லேபிள் பக்கம் மேலே இருக்கும்படி பாட்டிலைப் பிடியுங்கள். வழியும் சொட்டு மறுபக்கம் இறங்கும், எழுத்து கரையாது. சின்னப் பழக்கம்தான், ஆனால் வருஷம் கழித்தும் மருந்தின் பெயர் படிக்கும்படி இருக்கும்.

என்னவென்றே தெரியாத பாட்டிலைத் திறந்து மோந்து பார்க்காதீர்கள். வெள்ளை டேப்பில் 'தெரியாது, விஷம்' என்று எழுதி ஒட்டி, பயிர் மருந்து டப்பிலேயே வையுங்கள்.

## 4. மூடியைச் சோதியுங்கள்

கழிப்பறை கழுவும் திரவப் பாட்டில்கள் சிலவற்றில் மூடியின் இரு பக்கமும் அழுத்தித் திருகினால்தான் திறக்கும். மாத்திரைப் பாட்டில்கள் சிலவற்றில் கீழே அழுத்தித் திருகவேண்டும். பிள்ளை திறக்கக் கூடாது என்பதற்காகவே செய்த மூடிகள் இவை. கடையில் இரண்டு இருந்தால் இந்த மூடி உள்ளதை எடுங்கள்.

ஆனால் இதை எவ்வளவு நம்பலாம்? அமெரிக்காவில் 1970-ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதன்படி மூன்றரை வயதிலிருந்து நாலேகால் வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் பாட்டிலைக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். முதல் ஐந்து நிமிடத்தில் 85 சதவீதம் பேரால் திறக்க முடியக் கூடாது. அப்புறம் எப்படித் திறப்பது என்று வாயால் சொல்லாமல் செய்து காட்டிவிட்டு இன்னும் ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். அதன் முடிவிலும் 80 சதவீதம் பேரால் முடியக் கூடாது. அதாவது பாஸான மூடியையும் பத்து நிமிடத்துக்குள் ஐந்தில் ஒரு பிள்ளை திறந்துவிடலாம். இந்த மூடி நமக்குத் தருவது சில நிமிட அவகாசம். பாட்டிலை வெளியே வைக்க அது அனுமதி ஆகாது.

மூடியபின் அழுத்தாமல் சும்மா திருகிப் பாருங்கள். திறக்காமல் சுற்றினால் சரி. திறந்துகொண்டால் மரையில் பிசுக்கோ பொடியோ அடைத்திருக்கும். கையுறையோடு ஈரத்துணியால் துடையுங்கள். மூட்டுவலி உள்ள அப்பாயி மூடியை இறுக்காமல் சும்மா வைத்திருப்பார், திறக்கக் கஷ்டம் என்று. அவரைத் திட்டிப் பயனில்லை. அவர் தினம் தொடும் பொருள் எது என்று கேட்டு, அதை மட்டும் அவருக்கு எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை வேறொருவர் ஏற்கவேண்டும்.

பொட்டல மருந்துக்கு மூடியே கிடையாது. வாயை இரண்டு மடிப்பு மடித்துக் கிளிப் போட்டு, பொட்டலத்தோடு டப்பில் வையுங்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி வைப்பது மூன்றாம் படியில் சொன்ன அதே தப்புதான்.

## 5. எது எங்கே இருக்கவேண்டும்

உயரமாக வைத்தால் போதும் என்பது பாதி உண்மை. ஒன்றரை வயதில் பிள்ளை ஏற ஆரம்பித்துவிடும். அடுக்கிய நெல் மூட்டை அதற்குப் படிக்கட்டு. கதவில்லாத பரணும் மாடமும் ஒளிவிடம் மட்டுமே. பெரியவரின் தோள் உயரத்தில், கதவுள்ள, ஏற எதுவும் பக்கத்தில் இல்லாத இடம் வேண்டும். அதற்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் வைத்தால் எடுக்கும்போது நம் முகத்திலேயே கவிழும்.

சமையலறையும் அரிசி, நெல் இருக்கும் அறையும் கூடாது. மண்ணெண்ணெய் வகை அடுப்புக்குத் தூரமாக இருக்கவேண்டும்.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே டப்பில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது நெஞ்சை அடைத்துவிடும். ஆசிட்டை இரும்பு பீரோவிலோ டிரங்குப் பெட்டியிலோ வைத்தால் அதன் ஆவி கீலையும் தாழ்ப்பாளையும் அரித்துத் தின்றுவிடும். பூட்டு தொங்கிக்கொண்டிருக்கும், கதவு தானாகத் திறக்கும்.

நெல்லில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஈரக்காற்று பட்டாலே பாஸ்பீன் வாயு வெளிவரும். அதற்கு விஷமுறிவு மருந்து கிடையாது. பொதுமக்களுக்கு விற்கவே கட்டுப்பாடு உள்ள பொருள் இது. பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் பயன்படுத்த வேண்டியது. கூடத்தில் மூட்டைக்கு அடியில் நாலு மாத்திரையைப் போட்டுவிட்டுப் பக்கத்து அறையில் பிள்ளைகளைப் படுக்கவைப்பது கொலைக்குச் சமம். வாயு கதவிடுக்கில் போகும். குழந்தைக்குத்தான் முதலில் தாக்கும். இதை எங்கே வைப்பது என்று கேட்காதீர்கள், வீட்டுக்குள் வரவே கூடாது. வீட்டுத் தேவைக்கு வைக்கும் நெல்லை நன்றாகக் காயவைத்து நொச்சித் தழை போட்டு வைத்தால் போதும். பூச்சி கொஞ்சம் வந்தால் வரட்டும்.

## 6. இப்போது பூட்டு

நாதாங்கி வைத்த மரக்கதவும் சாதாரணத் தொங்குபூட்டும் போதும். சாவியைப் பூட்டுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கும் தவறு. சாவி வேறு அறையில் இருக்கட்டும், இரண்டு பேருக்கு மட்டும் இடம் தெரியட்டும். பட்டியல் தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். என்ன இருக்கிறது, எப்போது வாங்கியது, எவ்வளவு மீதி. அவசரத்தில் எது குறைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

## 7. கையில் எடுத்திருக்கும் நேரம்

பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்து, வேலை முடிந்து திரும்ப வைப்பதற்குள் உள்ள இடைவெளியில்தான் ஆபத்து அதிகம். கழிப்பறையில் ஆசிட் ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் ஊறட்டும் என்று வெளியே வருகிறோம். பாட்டில் திறந்தபடி உள்ளே நிற்கிறது. போன் அடிக்கிறது, பால்காரர் கூப்பிடுகிறார்.

ஆகவே வரிசை இப்படி: திற, ஊற்று, மூடு, அலமாரியில் வை, அதன்பிறகு தேய். தேய்த்து முடித்தபின் எடுத்து வைக்கலாம் என்பது சரிவராது. பினாயில் கலந்த வாளியையும் தனியே விடாதீர்கள். தவழும் பிள்ளை விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கும். தலை முதலில் உள்ளே போகும்.

பயிர் மருந்தைக் கொல்லையில் கலக்காமல் வயல் வரப்பில் கலக்குங்கள். நம்மில் பலர் மூடிக்கணக்கில்தான் அளக்கிறோம், டேங்குக்கு இத்தனை மூடி என்று. அந்த மூடி பாட்டிலுக்குத் திரும்பவேண்டும். தனி அளவுக்குவளை என்றால் கழுவி டப்பினுள் போகவேண்டும். வெளியே விட்டால் அடுத்த நாள் அது சொப்புச் சாமானோடு சேர்ந்திருக்கும், மண்சோறு ஆக்குவதற்கு. இதைப் பல கொல்லைகளில் பார்த்தாயிற்று.

மருந்தடித்துவிட்டு வருபவரின் சட்டையிலும் கையிலும் மருந்து இருக்கும். "அப்பா" என்று ஓடிவரும் பிள்ளையைத் தூக்குமுன் சோப்புப் போட்டுக் குளிக்கவேண்டும். அந்தச் சட்டையைப் பிள்ளைத் துணியோடு ஊறவைக்கக் கூடாது. டேங்கை வீட்டுக் குழாயடியில் கழுவவும் கூடாது. மருந்தடித்த வயலின் வாய்க்காலில் நண்டு பிடிக்கப் பிள்ளைகளை விடாதீர்கள்.

எலி மருந்து வைப்பதும் இந்தக் கணக்கில்தான். பொரியில் கலந்த துத்தநாகப் பாஸ்பைடும், பச்சையும் நீலமுமாக வரும் எலி கேக்கும் பிள்ளைக்குத் தின்பண்டமாகவே படும். வீட்டுக்குள் எலிக்குப் பொறிதான் வைக்கவேண்டும். வயலில் வைத்தாலும் எத்தனை இடத்தில் வைத்தோம் என்று எண்ணிக்கொண்டு, மறுநாள் காலையில் மீதியைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

## 8. யாரும் விஷம் என்று நினைக்காதவை

சுண்ணாம்பு. வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் பிளாஸ்டிக் பொட்டலத்தைப் பிள்ளை கையில் வைத்து அமுக்கும். பொட்டலம் வெடித்து நேராகக் கண்ணில் அடிக்கும். காரப்பொருள் என்பதால் கண்மணியை அரித்துக்கொண்டே உள்ளே போகும், பார்வையே போய்விடலாம். தாத்தாவின் வெற்றிலைப் பெட்டி பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் இல்லை என்பதில் வீட்டில் எல்லோரும் கறாராக இருக்கவேண்டும்.

கற்பூரம். பூஜை மாடம் தரையோடு இருக்கும் வீடுகளில் இது கைக்கெட்டும் தூரம். ஒரு வயதுக் குழந்தைக்கு ஒரு கிராமுக்குள்ளேயே வலிப்பு வரலாம், அதுவும் சில நிமிடங்களில். பாச்சா உருண்டை ரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடியது. நீலகிரித் தைலம், கொசுவிரட்டித் திரவம், எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸ், தலைக்குப் போடும் சாயப்பொடி எல்லாம் உள்ளே போகவேண்டும். எறும்புச் சாக்பீஸைப் பள்ளிக்கூடச் சாக்பீஸோடு ஒரே டப்பாவில் போட்டு வைக்கும் வீடுகளும் உண்டு.

தொழிலுக்கு ஏற்பச் சிலது கூடும். நாகை, வேதாரண்யம் பக்கம் ஃபைபர் படகு ஒட்டும் வீடுகளில் தண்ணீர் மாதிரியே இருக்கும் ஹார்டனர் திரவம். இறால் குட்டை வைத்திருப்பவர்களிடம் மூட்டையாகப் பிளீச்சிங் பவுடர். பட்டறை வீடுகளில் ஆசிட். தொழில் சாமானும் மூன்றாம் படிக்குக் கட்டுப்பட்டதுதான்.

## 9. காலி டப்பா

காலி என்று நாம் சொல்லும் பாட்டிலில் எப்போதும் மிச்சம் ஒட்டியிருக்கும். மூன்று முறை தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அந்தத் தண்ணீரை டேங்கிலேயே ஊற்றி வயலுக்கு அடித்துவிடுங்கள். பிறகு அடியில் ஓட்டை போடுங்கள். ஓட்டை போடாத கேன் மறுவாரமே கழிப்பறைக்கோ மாட்டுத் தவிட்டுக்கோ பாத்திரமாகிவிடும். உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்கவேண்டும் என்கின்றன விதிகள். கிணறு, குளம், வாய்க்கால் பக்கம் புதைக்காதீர்கள். எரிக்கவும் வேண்டாம்.

## 10. பருவத்துக்குப் பருவம் திரும்பப் பாருங்கள்

ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து குறுவை தொடங்கும்போது ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, பொங்கலுக்கு முன் ஒருமுறை.

ஐப்பசிச் சோதனைதான் முக்கியம். மழைக்குப் பயந்து மோட்டார் கொட்டகையில் இருந்த மருந்தெல்லாம் வீட்டுக்கு வருவது அப்போதுதான். வீட்டுக்குள் தண்ணீர் புகுவதும் அப்போதே. கீழ்த்தட்டில் உள்ள டப்புகளை மேலே ஏற்றுங்கள், மூடியை டேப் போட்டு ஒட்டுங்கள். முகாமுக்குப் போக நேர்ந்தால் அலமாரியைப் பூட்டி அப்படியே விட்டுச் செல்லுங்கள். தண்ணீர் வடிந்து திரும்பும்போது பெரியவர் ஒருவர் முதலில் போய் மிதந்துகிடக்கும் டப்பா, பொட்டலங்களைக் கையுறையோடு பொறுக்கியபிறகு பிள்ளைகள் உள்ளே வரட்டும்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கிளிஞ்சல் சுண்ணாம்பு ஊறவைத்தால் அந்தத் தொட்டி கொதிக்கும். கனமான பலகை போட்டு மூடி மேலே கல் வையுங்கள். அது ஆறும்வரை ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

## 11. இத்தனைக்கும் மேல் நடந்துவிட்டால்

இதைத் தனித்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 108 ஆம்புலன்ஸ். டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய விஷத் தகவல் மையம் 1800 116 117. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள். 108 வரத் தாமதமாகும் என்றால் ஆட்டோவோ பைக்கோ கிடைத்ததில் கிளம்பிவிடுங்கள், போகும் வழியில் பேசுங்கள்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சாணிக்கரைசல், சோப்புத் தண்ணீர், தொண்டையில் விரல் விடுவது எதுவும் கூடாது. மண்ணெண்ணெய் வயிற்றில் செய்வதைவிட, வாந்தியோடு நுரையீரலுக்குப் போய்ச் செய்யும் கேடுதான் பெரிது. ஆசிட் ஏறும்போது தொண்டையை இரண்டாவது முறை சுடும். உப்புக் கரைசலே குழந்தையின் ரத்தத்தில் உப்பை ஏற்றி உயிரை எடுத்துவிடும். ஆசிட்டுக்குச் சுண்ணாம்பு, சுண்ணாம்புக்கு எலுமிச்சை என்று முறிவு வைத்தியமும் வேண்டாம்.

வாயில் மிச்சமிருப்பதைத் துணியால் துடைத்து எடுங்கள். மயக்கமாக இருந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். பாஸ்பைடு மாத்திரை என்றால் தண்ணீரும் கொடுக்கக் கூடாது. வண்டி ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், வாந்தியிலிருந்தும் வாயு வரும்.

மேலே பட்டிருந்தால் துணியைக் கழற்றி, முடி, நகக்கண் உட்பட சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவுபவர் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ளவேண்டும். கண்ணில் சுண்ணாம்போ ஆசிட்டோ பட்டால் உடனே ஓடும் தண்ணீர். இமையைத் திறந்து பிடித்து இருபது நிமிடம். சுண்ணாம்புத் துணுக்கு தெரிந்தால் ஈரத்துணி முனையால் எடுத்துவிட்டுத் தொடர்ந்து கழுவுங்கள். பிள்ளை கத்தும், இரண்டு பேர் பிடிக்கவேண்டியிருக்கும். கழுவாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுதான் இங்கே பெரிய தவறு.

கிளம்பும்போது பாட்டில், பொட்டலம், எலி கேக்கின் மிச்சம் எது இருந்தாலும் ஒரு பையில் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு, ஏறக்குறைய எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். சில வகைப் பூச்சிமருந்துக்கு அட்ரோபின் போன்ற விஷமுறிவு மருந்துகள் உண்டு. எந்த வகை என்று லேபிள் சொன்னால் மருத்துவருக்கு நேரம் மிச்சமாகும்.

பிள்ளை சிரித்து விளையாடுகிறதே என்று வீட்டிலேயே வைத்துப் பார்க்காதீர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் ஓரிரு நாள் சும்மா இருந்துவிட்டு அப்புறம் கல்லீரலைத் தாக்கும். எலி கேக்கின் ரத்தப்போக்கு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைக்கு இருமலும் மூச்சிரைப்பும் சில மணி நேரம் கழித்து வரலாம். மருத்துவமனையில் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினால், எந்தெந்த அறிகுறிக்குத் திரும்பி வரவேண்டும், எத்தனை நாள் கவனிக்கவேண்டும், ரத்தப் பரிசோதனைக்கு எப்போது வரவேண்டும் என்று சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.